இரண்டு படைக்கும் ஒரே சிவப்பு

1. காங்கேயத்து ஆர்டர்

போர் விளையாட்டைப் பற்றி எனக்கு அன்றும் ஒன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் பத்தொன்பது வருஷமாகக் கலர் செபரேஷன் பார்க்கிறேன். டி-ஷர்ட்டில் அச்சடிக்கும் படத்தில் எத்தனை கலரோ அத்தனை ஸ்கிரீன், அதாவது அச்சுச் சல்லடை, போட வேண்டும். பதினான்கு கலரில் வரும் படத்தை, பார்க்கிறவருக்குத் தெரியாமல் எட்டுக் கலரில் அடக்குவதுதான் என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஈஸ்வரமூர்த்தி காங்கேயத்தில் ரைஸ் மில் வைத்திருப்பவர். மில் ஆட்களுக்கு டி-ஷர்ட் அடிக்க வந்தார். மங்கிப்போன விசிட்டிங் கார்டைப் பார்த்து அவருடைய மில் லோகோவை நான் பளிச்சென்று வரைந்து காட்டியதும், நாற்காலியை மானிட்டருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க மேடம், இதே மாதிரி ஒரு பழைய கம்ப்யூட்டர் கேம் படத்தையெல்லாம் தெளிவு பண்ணித் தர முடியுங்களா?"

"கேமுங்களா? யாருக்குங்க, பேரனுக்குங்களா?"

"எனக்குத்தானுங்க."

அவருக்கு அறுபது வயது இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அவருக்கும் சாமளாபுரத்தில் தறி ஓட்டும் தம்பி நடராஜுக்கும் தோட்டத்துக் கிணற்றுப் பங்கில் தகராறு. ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு கல்யாணத்துக்கு இவர் போனால் அவர் போவதில்லை. ஆனால் பாளையக்காரர்களும் கும்பினிப் படையும் மோதுகிற அந்தப் பழைய கேமை மட்டும் இருவரும் விடவில்லை. ஒருவர் தன் முறையை ஆடி ஃபைலை மெயிலில் அனுப்புவார். மற்றவர் ஆடித் திருப்பி அனுப்புவார். மெயிலில் ஒரு வார்த்தை இருக்காது. போன வாரம்தான் முதல் தடவையாகத் தம்பியிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: 'கண்ணு மங்குது. படை தெரியல. இதோட நிறுத்திக்கலாம்.'

"அதுவும் நின்னு போச்சுன்னா எங்களுக்குள்ள ஒண்ணுமே இல்லீங்க மேடம்" என்றார்.

நிஜக் கிணற்றுக்கு முறைத்துக்கொண்டு, பொம்மைச் சண்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இவர்களை என்னவென்று சொல்வது? புரியாமலேயே ஒப்புக்கொண்டேன்.

2. நாற்பத்தொரு கலர்

ஈஸ்வரமூர்த்தி அனுப்பிய கேம் படங்களின் ஃபைலைத் திறந்ததும் தலை சுற்றியது. மேப் முழுக்கத் தேன்கூடு மாதிரி ஆறுமூலைக் கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் காடு, ஆறு, மேடு. அவற்றின்மேல் நகத்தளவு சிப்பாய்கள், குதிரைகள், பீரங்கிகள். ஒவ்வொரு சிப்பாய்க்கும் பின்னால் கண்ணை அடிக்கிற ரோஸ் கலர்.

"இதென்னங்க கண்றாவி?" என்று போனில் கேட்டேன்.

"அதைத் தொட்டுடாதீங்க. கேமுக்குள்ள அது தெரியாதுங்க, அந்த எடத்துல பின்னால இருக்கற மேப்புத்தான் தெரியும்."

தெரியாத கலரை எதற்குப் போட வேண்டும்? அவர் விளக்க விளக்க எனக்குக் குழப்பம்தான் கூடியது. சரி, தொடவில்லை.

மூன்று வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் நாலு மடங்கு பெரிதாக வரைந்தேன். தலைப்பாகை மடிப்பு, குதிரைக் கடிவாளம், ஆற்றோரத்து மணல், ஒன்றையும் விடவில்லை. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கை சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில் கலரை எண்ணினேன். நாற்பத்தொன்று! நாற்பத்தொரு ஸ்கிரீனா? உடனே குறைக்க ஆரம்பித்தேன். செங்கல் சிவப்பு ஒன்று, அரக்குச் சிவப்பு ஒன்று, இரண்டும் எதற்கு? ஒன்று போதும். இந்தப் படத்துக்கு ஸ்கிரீனே கிடையாது என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

ஈஸ்வரமூர்த்தி நேரில் வந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"அடேங்கப்பா! மீசைகூடத் தெரியுதுங்களே!"

அந்தச் சந்தோஷத்தில் கேமில் போட்டுப் பார்க்காமலேயே தம்பிக்கு அனுப்பிவிட்டார். அப்போது ஆட வேண்டிய முறை தம்பியுடையது.

3. யாருடைய ஆள்

மூன்றாம் நாள் ஈஸ்வரமூர்த்தியிடமிருந்து போன் வந்தது.

"மேடம், ரெண்டு படைக்கும் ஒரே சட்டையப் போட்டு உட்டுட்டீங்களே!"

செங்கல் சிவப்பு கும்பினிப் படையாம். அரக்குச் சிவப்பு பாளையக்காரர்களாம். யார் எனக்குச் சொன்னார்கள்? நானும்தான் யாரைக் கேட்டேன்?

"தம்பி என்ற பீரங்கிப்படைய அவனோட ஆளுகன்னு நெனச்சு, அவன் குதிரைப்படையக் கொண்டாந்து அதுக்கு முன்னால நிறுத்திப்புட்டானுங்க. அத்தனையும் போச்சு."

இருந்த ஒரே தொடர்பையும் நான் அறுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி மெயில்ல என்னங்க எழுதினாரு?"

"எழுதலீங்க. போன் பண்ணினானுங்க. 'வேணும்னே பண்ணினயா'ன்னு கத்தினான். ஆறு வருசத்துல மொதத் தடவைங்க."

அதற்கு வருத்தப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அன்றே உட்கார்ந்து இரண்டு சிவப்பையும் பிரித்தேன். இந்த முறை கேமிலேயே போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் அவரைக் கூப்பிட்டேன்.

"ரெடிங்க. அனுப்பட்டுங்களா?"

"இருக்கட்டுங்க, இப்ப வேண்டாங்க."

"ஏனுங்க? எப்படிங்க ஆடுவீங்க?"

"நேத்து நாலு தடவ போன் பண்ணிட்டானுங்க. 'இது உன்ற ஆளா, என்ற ஆளா'ன்னு ஒவ்வொண்ணாக் கேக்கறான். கடைசியா, 'கெணத்துல தண்ணி எவ்வளவு கெடக்குது'ன்னும் கேட்டான்."

எங்கள் யூனிட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: ஒரு கலரை இன்னொன்றோடு சேர்க்கும் முன்னால், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான். திருத்திய ஃபைல் இன்னும் என் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை அனுப்பட்டுங்களா என்று கேட்கிறேன். அடுத்த வாரம் பார்க்கலாங்க என்கிறார்.