அறுபத்திரண்டாம் எண்ணுக்குத் திராட்சை

வாசலில் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் மாறி மாறி மோந்து பார்க்கிறார் கம்பவுண்டர். திருப்தியில்லை. குழாயடிக்குப் போய் மறுபடி வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுகிறார். சோப்புப் போடுவதில்லை. ஸ்பிரிட், டெட்டால், சோப்பு என்று எந்த வாசனை வந்தாலும் உள்ளே இருப்பவர்களுக்கு ஆகாது. "அண்ணே, தோலே உரிஞ்சிடும் போலிருக்கே!" என்று சிரிக்கிறார் காவலாளி. "உரியட்டும்பா, நல்லதுதான்" என்கிறார் இவர்.

உள்ளே இருப்பவர்கள் முப்பது குரங்குகள், ஒரு டஜன் நாய்கள். மருந்து ஆராய்ச்சிக் கூடங்களில் ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர்கள். 'ஓய்வு பெற்ற விலங்குகளின் காப்பகம்' என்று பலகை சொல்கிறது. ஓய்வாம்! இதுகள் எந்தக் காலத்தில் வேலைக்கு மனுப் போட்டன?

கம்பவுண்டரும் அப்படி ஒரு கூடத்தில் ஓய்வு பெற்றவர்தான். மருந்துக்கடைப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷம் குரங்குகளுக்கு ஊசி போட்டு ரத்தம் எடுத்ததால் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. ஆள் சரியான வாயாடி. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் இறங்குவதற்குள் அவருடைய சம்பந்தி வீட்டுச் சண்டைவரை கறந்துவிடுவார். காப்பகத்துக்குள் கால் வைத்தால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. "குரல் தெரிஞ்சிடும் சார். புது ஆளாவே இருந்துட்டுப் போறேனே" என்கிறார்.

புது ஆளாவதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெள்ளைக் கோட்டு ஞாபகம் வரக் கூடாதென்று வெள்ளைத் துணியையே விட்டார். பனியன்கூட நீலம். முப்பது வருஷ மீசையையும் ஒரு நாள் வழித்துவிட்டு வந்து நின்றார். அவர் மனைவி ஒரு வாரம் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏங்க, லேப்ல மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டுதானே இருந்தீங்க? மீசையைக் குரங்கு எங்க பார்த்துச்சு?" பாவம், இவருக்கு அது தோன்றவே இல்லை. மூடாமல் இருந்தவை கண்கள் மட்டும்தான். அவற்றை என்ன செய்ய முடியும்?

இத்தனையும் ஒருத்திக்காக. நெஞ்சில் 62 என்று பச்சை குத்திய, அவர் வேலை பார்த்த கூடத்துக் கிழட்டுக் குரங்கு. காப்பகத்தில் 'மகாராணி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கம்பவுண்டர் வாயில் முதலில் 'அறுபத்திரண்டு' என்றுதான் வரும், பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார். ஞாயிறுதோறும் அவளுக்காக விதையில்லாத திராட்சையை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துப் பொறுக்குவார். "புதுசா கல்யாணமானப்ப எனக்குக்கூட இப்படிப் பொறுக்கினதில்ல" என்பது மனைவியின் புகார்.

மகாராணி எல்லார் கையிலிருந்தும் வாங்கித் தின்பாள். சமையல்காரர், காவலாளி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள், எல்லாரிடமும். இவர் கம்பிவலைப் பக்கம் வந்தால் மட்டும் மூலைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். இவர் திராட்சையைப் பலகையில் வைத்துவிட்டுக் கண்மறைவாகப் போன பிறகுதான் தொடுவாள். இரண்டு வருஷமாக இதே கதை. இப்போது அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. "ரெண்டு மாசம் தாங்கினா அதிகம்" என்று காப்பகத்து டாக்டரம்மா சொல்லிவிட்டார். "ஒரே ஒரு தடவை என் கையிலேருந்து வாங்கிக்கிட்டா போதும் சார். வேற ஒண்ணும் கேக்கல" என்கிறார் அந்த வாயாடி.

போன மாதம் தங்கை மகன் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தவருக்கு டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. மகாராணி இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. கைக்கு அகப்பட்ட திராட்சைக் கொத்தைப் பிடுங்கிக்கொண்டு, போட்ட துணியோடு ஓடினார். வாசலில் கையை மோந்து பார்க்கக்கூட நிற்கவில்லை.

இவரைப் பார்த்ததும் மகாராணி எழுந்தாள். மூலைக்குப் போகவில்லை. தள்ளாடித் தள்ளாடி நேரே இவரை நோக்கி வந்தாள். "வந்துட்டா! டாக்டரம்மா, பாருங்க, வந்துட்டா!" என்று குழந்தை மாதிரி கத்தினார் மனுஷன். திராட்சையை நீட்டினார்.

அவள் அதைப் பார்க்கவே இல்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, இடது கையைக் கம்பிக்கு வெளியே நீட்டி, உள்பக்கம் மேலே தெரியும்படி வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். கல்யாணத்துக்காக மச்சான் எடுத்துக் கொடுத்த சட்டை, பளீரென்ற வெள்ளை.

அமுக்கிப் பிடித்து ஊசி குத்த மனம் வராமல், அவளே கையை நீட்டும்படி ஆறு மாதம் உட்கார்ந்து பழக்கியவர் இவர்தான். வேலை முடியும்வரை கையை இழுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் இவர் பழக்கியதுதான்.

"வேணாம் கண்ணு... ஊசி இல்ல... உள்ள எடுத்துக்கோ." கை அப்படியே இருந்தது. உள்ளங்கையில் ஒரு திராட்சையை வைத்தார். உருண்டு கீழே விழுந்தது.

கம்பவுண்டர் மண்ணில் மண்டியிட்டார். ஊசி போட்டு ரத்தம் எடுத்த பின் பஞ்சு வைக்கிற இடத்தில், முழங்கையின் உள்மடிப்பில், கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினார். "முடிஞ்சிடுச்சு கண்ணு, முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே, அவள் தானாகக் கையை உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை விரலை எடுக்கவில்லை.