வாசலில் போட்ட நாற்காலி

ஹாரன் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அவள் ஓட்டும் பள்ளி வேனில் ஒருமுறை ஹாரன் பழுதாகிவிட்டது. மெக்கானிக் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்ததில், அக்கா ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தியே ஒரு வாரம் வண்டி ஓட்டினாள். முன்னால் போன லாரிக்காரன்கூடப் பதறிப்போய் ஓரங்கட்டினான். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான். கட்டிய கணவரே வீட்டில் பேச்சு முற்றினால், “ஹாரன், கொஞ்சம் சவுண்டைக் குறை” என்பார்.

இப்படிப்பட்ட பெண்மணி ஒரே ஓர் அறைக்குள் போனால் மட்டும் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி ஆகிவிடுவாள். அது அகதிகள் உதவி இல்லத்தின் பின்னறை. அங்கேதான் நிர்வாகக் குழு கூடும். அக்கா அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர். ஆமாம், உறுப்பினர். கௌரவ விருந்தாளி இல்லை, வேலைக்காரி இல்லை, கையெழுத்துப் போடுகிற உறுப்பினர். இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் குழுவுக்கே அது அவ்வப்போது மறந்துபோகும்.

இல்லம் இருப்பது கடைத்தெருவில், ஒரு காலத்தில் செருப்புக் கடையாக இருந்த கட்டிடத்தில். சுவரில் இன்னும் செருப்பு அடுக்கிய பலகைகள்தான்; அவற்றில் இப்போது போர்வை, சோப்பு, குழந்தைத் துணி. முன்கூடத்தில் சுவரை ஒட்டி நீளமாக ஒரு பெஞ்சு. இல்லத்தை ஆரம்பித்த நர்ஸம்மா ஒரே ஒரு வழக்கத்தை ஏற்படுத்திவிட்டுக் கண்ணை மூடினார். யார் உள்ளே வந்தாலும் பெஞ்சில் இருப்பவர்கள் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும். வந்தவர் உட்காரும்வரை நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. “நிக்க வெச்சுக் கேள்வி கேட்கறதுக்கு வெளிய ஆயிரம் பேர் இருக்காங்க. நமக்கு எதுக்கு அந்த வேலை?” என்பாராம்.

அக்காவும் அந்தப் பெஞ்சு வழியாக வந்தவள்தான். சொந்த ஊரில் சண்டை மூண்டு, வீடு எரிந்து, லாரியிலும் படகிலும் மாறி மாறி வந்து, முன்பின் தெரியாத இந்த ஊரில் இறங்கியபோது இடுப்பில் மகள், பக்கத்தில் காய்ச்சலில் நடுங்கும் கணவர். கையில் போன் இல்லை. இப்படியோர் இல்லம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. மழை பிடித்துக்கொண்டது, கதவு திறந்திருந்தது, நுழைந்தாள். அவ்வளவுதான் கதை. செருப்புக் கடை என்று நினைத்து, விரட்டிவிடப் போகிறார்கள் என்று மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெஞ்சின் கடைசியில் இருந்த தாடிக்காரர் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அழுகையே வந்தது.

மகள் வளர்ந்து கல்யாணமாகிப் போய், அக்கா வேன் ஓட்டுநராகி, ஊருக்கே தெரிந்தவளாகி, அதற்கெல்லாம் பிறகுதான் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. அகதியாக வந்தவர் ஒருவராவது குழுவில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். செய்தி கேட்டு மகள் ஒரு பேனா வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். கணவர் முடிவெட்டும் கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

குழுவில் மொத்தம் ஐந்து பேர். தலைவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கோபமே படாத மனிதர், கோபப்படாமலேயே தன் காரியத்தை முடித்துவிடுவார். ஒரு வக்கீல் அம்மா. எதைக் கேட்டாலும் “இன்னும் கொஞ்சம் விவரம் வேணும்” என்கிற ஆடிட்டர். எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும் ஒரு பல் டாக்டர். அப்புறம் அக்கா. முதல் கூட்டத்தில் எல்லோரும் படபடவென்று பேசியதில் அவளுக்குக் கைகால் ஓடவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். “அடடா, இந்த டீக்காகவே கூட்டம் போடலாம்” என்றார் தலைவர். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அதோடு அது அவள் வேலை ஆகிவிட்டது. கூட்டம் சூடு பிடிக்கும்போது யாராவது அவளைப் பார்ப்பார்கள், அவள் எழுந்து போவாள். வருடாவருடம் எடுக்கும் போட்டோவில் மட்டும் நடுவில் நிற்க வைப்பார்கள்.

அப்படி ஒரு நாள் அவள் அடுக்களையில் டீத்தூளைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. கூட்டம் பெருகிவிட்டது. நடைபாதையை மறைக்கிறார்கள் என்று பக்கத்து மருந்துக் கடைக்காரர் தினமும் புலம்பினார். ஒரு நாள் தள்ளுமுள்ளில் இல்லத்தில் உதவி செய்ய வந்த பெண்ணின் கை கதவில் நசுங்கிவிட்டது. அதனால் தலைவர் ஒரு யோசனை சொன்னார்: கதவுக்கு நம்பர் பூட்டு. போனில் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அனுமதி. எண்ணை வாராவாரம் மாற்ற வேண்டும், அது அலுவலகப் பொறுப்பாளருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும், குழுவினருக்கும் சொல்லக் கூடாது. பாதுகாப்பு என்றால் பாதுகாப்பு. “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்று கேட்டு, மூச்சு விடும் முன்பே “சரி, அடுத்தது” என்பது அவர் பழக்கம்.

அக்கா தட்டோடு திரும்பி வந்தபோது அடுத்ததுகூட முடிந்திருந்தது. பல் டாக்டர் காதில் கிசுகிசுத்தாள்.

“என்னங்க முடிவாச்சு?”

“கதவுக்குப் பூட்டு, அக்கா. அடுத்த கூட்டம் வரைக்கும் போட்டுப் பார்க்கலாம்னு. எல்லாரும் ஒத்துக்கிட்டோம்.”

“எல்லாரும்னா?”

“நீங்களும் வேண்டாம்னு சொல்லலையே...” என்றவர், அவள் கையிலிருந்த தட்டைப் பார்த்துவிட்டு, சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

ஏகமனதாக என்று எழுதியாகிவிட்டது. அன்றைக்கு வீட்டில் அவள் பாத்திரம் கழுவிய சத்தத்தில் எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள்.

“டீ போடப் போன நேரத்துல கதவைச் சாத்திட்டாங்களா?” கணவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். “விட்டுத் தள்ளு. பெரிய மனுஷங்க, நாலையும் யோசிச்சுத்தான் செய்வாங்க. நீ ஏதாவது சொல்லப் போய், இருக்கற பதவியும் போயிடும்.”

“பதவியா? டீ மாஸ்டர் பதவி! போனா போகட்டும்!”

பூட்டு வந்தது. பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. பொத்தானை அழுத்தினால், “முன்பதிவு செய்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம். தயவுசெய்து தொலைபேசியில் தொடர்புகொள்ளவும்” என்று ஒரு பெண் குரல் தேனாகச் சொல்லும். கதவைத் திறந்தே வைத்தால் கீ கீ என்று கத்தும்.

அடுத்த வாரம் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாகப் போனபோது, துணிப்பை வைத்திருந்த ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டிருந்ததை அக்கா பார்த்தாள். குரல் ஏதோ சொன்னது. அவள் பயந்து பின்வாங்கினாள். தெருவைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள், திரும்பி வந்தாள், மறுபடி தள்ளினாள். வேனில் இருபது பிள்ளைகள், பின்னால் வரிசையாக வண்டிகள். அக்காவால் நிறுத்த முடியவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு விழுந்தடித்து வந்தபோது அந்தப் பெண் அங்கே இல்லை. கடைத்தெரு முழுக்கத் தேடினாள். பஸ் நிலையம்வரை போய்ப் பார்த்தாள். காணவில்லை.

தலைவருக்குப் போன் போட்டாள்.

“போன் பண்ணிட்டு வரலாமே அம்மா” என்றார், எப்போதும்போல மென்மையாக.

“போன் இல்லாதவங்க, சார்?”

“நல்ல கேள்வி. அடுத்த கூட்டத்துல பேசலாம்.”

அடுத்த கூட்டம் ஒரு சனிக்கிழமை மாலை. பூட்டை நிரந்தரமாக்குவதா என்று அன்றைக்குத்தான் முடிவு. அக்கா முன்னாலேயே வந்துவிட்டாள். பொறுப்பாளர் பெண்ணின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வர, அவள் எண்ணை அக்காவிடம் சொல்லிவிட்டு ஓடினாள். உள்ளே அக்கா மட்டும். வெளியே மழை கொட்ட ஆரம்பித்தது.

முதலில் வந்தவர் தலைவர். கதவைத் தள்ளினார். பொத்தானை அழுத்தினார். “முன்பதிவு செய்தவர்கள் மட்டும்...” என்றது குரல். வக்கீல் அம்மா வந்தார், ஆடிட்டர் வந்தார், பல் டாக்டர் வந்தார். நான்கு பேரும் கையகலக் கூரைக்குக் கீழே முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். கார் நிறுத்தியது தெருக்கோடியில், குடை காரில்.

அக்கா சத்தம் கேட்டதுமே பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டாள். கை தாழ்ப்பாள்வரை போய்விட்டது. அப்போதுதான் அந்தத் தேன் குரல் இரண்டாவது முறை கேட்டது. அக்காவுக்குத் துணிப்பைக்காரி ஞாபகம் வந்தது. கையை எடுத்தாள்.

மேஜைமேல் போன் அடித்தது. எடுத்தாள்.

“நான்தாம்மா பேசறேன். கதவைத் திற.”

“முன்பதிவு இருக்கா, சார்?”

“என்னம்மா விளையாட்டு? நான் தலைவர்!”

“வர்றவங்க எல்லாருமே அவங்க அவங்க ஊர்ல ஏதோ ஒண்ணா இருந்தவங்கதான். செவ்வாய்க்கிழமை காலையில இடம் இருக்கு. எழுதிக்கட்டுமா?”

வெளியே வக்கீல் அம்மா கதவுக் கண்ணாடியில் தட்டினார். தலைவர் ஆயுளில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். அந்தச் சமயத்தில்தான் தெரு முனையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, அவள் தோளில் நெகிழித்தாள் போர்த்திய குழந்தை. கோட்டுப் போட்ட மனிதர்கள் கதவைத் தட்டிக் கூச்சல் போடுவதைப் பார்த்ததும் அந்த மனிதர் மனைவியின் கையைப் பிடித்து வந்த வழியே திருப்பினார்.

அக்கா படாரென்று கதவைத் திறந்தாள்.

“எங்க போறீங்க? உங்களைத்தான்! குழந்தையை நனைய விடாதீங்க, உள்ள வாங்க!”

அந்தக் குரலை அந்த இல்லம் அதுவரை கேட்டதில்லை. திறந்த கதவுக்குள் தலைவர் காலை எடுத்து வைத்தார். அக்கா குறுக்கே கையை நீட்டினாள்.

“நீங்க அப்புறம், சார். அவங்க முதல்ல.”

குடும்பம் உள்ளே போனது. பிறகு குழு போனது. தொப்பலாக நனைந்த பல் டாக்டர் முன்கூடத்துப் பெஞ்சிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். குழந்தைக்காரி எதிரே தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே நகர்ந்து இடம் கொடுத்தார். அக்கா அவர்களுக்குத் துண்டும் சூடான பாலும் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். ஈரத்தில் எல்லோரும் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“குழுவையே வாசல்ல நிறுத்தறதா? இது அவமானம்” என்றார் வக்கீல் அம்மா.

“ஆமா மேடம், அவமானம்தான். உங்களுக்குக் காருக்குத் திரும்பிப் போக வழி இருந்துச்சு. கார்ல குடை இருந்துச்சு. வீடு இருந்துச்சு. அப்பவும் இவ்வளவு கோபம் வந்துச்சு இல்ல? போன வாரம் ஒரு பொம்பளை ரெண்டு தடவை கதவைத் தள்ளிப் பார்த்துட்டுப் போயிட்டா. அவ எங்க போனான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. தலைவர் சார், உங்களுக்குத் தெரியுமா?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கேம்மா. அந்தப் பொண்ணு கையில அடிபட்டது உண்மைதானே?”

“உண்மைதான். கூட்டம் வந்தா இன்னும் ரெண்டு பேரை வாசல்ல போடுங்க. நானே நிக்கறேன். அதுக்காகக் கதவைச் சாத்துவீங்களா? நான் வந்த அன்னைக்கு இந்தப் பூட்டு இருந்திருந்தா, என் வீட்டுக்காரர் இந்த நடைபாதையிலயே போயிருப்பார். எனக்குப் பூட்டு வேண்டாம். இதை எழுதுங்க. நான் இப்ப டீ போடப் போகல, இங்கதான் இருக்கேன்.”

வாக்கெடுப்பு நடந்தது. தலைவரும் வக்கீலும் பூட்டு வேண்டும் என்றார்கள். அக்கா வேண்டாம் என்றாள். பல் டாக்டர் யாரையும் பார்க்காமல் அக்கா பக்கம் கையைத் தூக்கினார். ஆடிட்டர் தொண்டையைக் கனைத்தார். “இன்னும் கொஞ்சம் விவரம் வேணும்.” தலைவர் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார். அதுவரை பூட்டு அப்படியே இருக்கும்.

“அப்ப சரி” என்று அக்கா எழுந்தாள்.

“டீயா?” ஆடிட்டர் ஆவலாகக் கேட்டார்.

“அடுக்களை அந்தப் பக்கம், சார். டீத்தூள் மேல் தட்டுல இருக்கு.”

தான் உட்கார்ந்திருந்த கைவைத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்கூடத்தைத் தாண்டி நடந்தாள். கதவை அகலத் திறந்து, நிலைக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு, அதில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பூட்டு கீ கீ என்று கத்தத் தொடங்கியது.

“அது குழு நாற்காலிம்மா!” தலைவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

“எனக்குக் குடுத்த நாற்காலிதானே சார்? இதை எங்க போட்டு உட்காரணும்னு விதியில இருக்கா? வக்கீல் மேடத்தைக் கேளுங்க.”

வக்கீல் அம்மா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். யோசித்தார். மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து நாற்காலி வாசலை விட்டு நகரவில்லை. வேனின் காலை நடைக்கும் மாலை நடைக்கும் இடையில் அக்கா உட்காருவாள். அவள் வேன் எடுக்கப் போனால் பெஞ்சிலிருந்து ஒருவர் வந்து உட்காருவார். நடைபாதையில் கூட்டம் சேர்ந்தால் அக்கா ஒரு சத்தம் போடுவாள், வரிசை தானாக வரும். மருந்துக் கடைக்காரர் பூட்டுக் கத்துவதைப் பற்றிப் புலம்பினார். “கத்தட்டும் அண்ணே, எத்தனை நாளைக்குக் கத்தும்?” என்றாள். கணவர் மதியச் சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “பதவி இன்னும் இருக்கா?” என்று கேட்பார். துணிப்பைக்காரி வருகிறாளா என்று அக்கா தெருவைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள்.

குழு சும்மா இருக்குமா? ஒத்திவைத்தது, மறுபடியும் ஒத்திவைத்தது. இதற்குள் பூட்டின் குரல் கம்மிப்போய், சளி பிடித்த மாதிரி இழுத்து, ஒரு நாள் நின்றேவிட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

அடுத்த கூட்டம் கூடியது. பின்னறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஓர் உறுப்பினர் வாசலில் இருந்தார் அல்லவா?

“பூட்டுக்குப் புதுப் பேட்டரி வாங்கணும்” என்றார் தலைவர். “எல்லாருக்கும் சம்மதம்தானே? சரி, அடுத்த...”

“இல்ல!”

மருந்துக் கடைக்காரர் மாத்திரையைக் கீழே போட்டார். தெருவில் போன லாரி பிரேக் அடித்து நின்றது. பல் டாக்டர் சிரித்துக்கொண்டே தன் கையையும் தூக்கினார்.

அக்கா அதையெல்லாம் திரும்பிப் பார்க்கவில்லை. நடைபாதையில் ஒரு முதியவர் சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நுழையலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். அவள் எழுந்து நாற்காலியைச் சற்று ஒதுக்கினாள்.

“ஏன் பெரியவரே அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க, வந்து உட்காருங்க.”