நேர்ந்துவிட்ட சேவல்

அந்தச் சேவலின் நாற்றத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. தேவாலா மலையூரின் மழையில் நனைந்த இறகும் எச்சமும் புளித்த தவிடும் கலந்த நாற்றம். தேயிலை விலை விழுந்து எஸ்டேட் ஃபேக்டரியைப் பூட்டியிருந்தார்கள். கொழுந்து பறிப்பும் நின்றுபோயிருந்தது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், விறகு வெட்ட வந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறையில் தங்கியிருந்தேன். அடுத்த அறையில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவும் அவருடைய ஆறு வயது மகளும் இருந்தார்கள். ஃபேக்டரி திறந்தால் மாரியம்மனுக்குக் கொடுப்பதாக அக்கா அந்தச் சேவலை நேர்ந்துவிட்டிருந்தார். அதுவரை அதை விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது.

தன்னை யாரும் தொடமாட்டார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது போல. கொல்லைக்குப் போகிறவர்கள் மேலெல்லாம் எகிறி, இரண்டு காலாலும் உதைத்தது. லயத்துப் பெட்டைக் கோழிகளின் முதுகு அதன் மிதியில் கிழிந்து, புண்ணில் ஈ மொய்த்தது. நாங்கள் உப்புக் கஞ்சி குடித்த நாட்களில் அது அக்காவின் கையிலிருந்து அரிசி தின்றது. "ஆத்தாளுக்குன்னு உட்டதைப் பட்டினி போடலாமுங்களா?" என்பார். கூடையால் மூடி வைத்துப் பார்த்தேன். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திமிர் அடங்கும்வரை நடந்து பார்த்தேன். இறக்கிவிட்டதும் திரும்பி என் கெண்டைக்காலிலேயே கொத்தியது.

ஒரு காலையில் குழந்தையின் கண்ணுக்குக் கீழே அதன் கால்முள் கிழித்தது. மஞ்சளை வைத்து அழுத்திக்கொண்டே அக்கா, "மொதல்ல ஃபேக்டரி தொறக்கட்டுங்க தம்பி" என்றார். எனக்கு அவர் மேலேயே அருவருப்பு வந்தது.

அவர் ரேஷன் கடைக்குப் போன நேரம் சேவலைச் சாக்கில் அமுக்கி, தேயிலைச் செடி கழிக்கும் கவாத்துக் கத்தியால் இரண்டு முள்ளையும் வெட்டினேன். நகம் வெட்டுவது போலத்தான் என்று எண்ணியிருந்தேன். உள்ளே எலும்பும் ரத்தமும் இருந்தன. அடுப்புச் சாம்பலை அப்பித்தான் நிறுத்தினேன்.

அக்கா திரும்பி வந்தார். அதன் காலைத் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, ஊனமானதை ஆத்தா வாங்குவாளா? உங்க ஊட்டுச் சேவலா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?"

"எனக்கேதுங்க ஊடு?"

"அதான் இப்படி" என்றார்.

வேறு சேவல் வாங்க அவரிடம் வழியில்லை. நேர்ந்தது கெட்ட பிறகு அந்த ஃபேக்டரிக்காகக் காத்திருக்க அவருக்கு மனமும் இல்லை. அந்த வாரமே மகளை அழைத்துக்கொண்டு திருப்பூருக்குக் கிளம்பினார். கூடலூர் பஸ்ஸில் ஏறும்போது சொன்னார்: "அது இனி ஆத்தாளுக்கும் ஆகாது, மனுசன் திங்கவும் ஆகாது. நீங்களே பாத்துக்கோங்க."

மூன்று நாள் பார்த்துக்கொண்டேன். முள் போன பிறகும் அது என்னை அலகால் கொத்தியது. நான்காம் நாள் விறகு வேலையும் நின்றது. அன்றைக்கே அதை அறுத்தேன். எவ்வளவு கொதித்தும் வேகவில்லை. அந்த நாற்றமும் போகவில்லை. ஆனாலும் எலும்பு மட்டும் மிஞ்சும்வரை தின்றேன்.

ஃபேக்டரி வேறு கைக்கு மாறித் திறந்துவிட்டதென்று பல மாதம் கழித்து வேறொரு மலையில் கேள்விப்பட்டேன். அக்கா அம்மனுக்குச் செலுத்த வேண்டியது அப்போது என் வயிற்றில் செரித்து வெகுநாளாகியிருந்தது.