ஒரு வரிசை மல்பெரி

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மாசி மாதத்தில், தருமபுரி ஊருக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் காலனியில் நடந்தது இது.

எங்கள் காலனியில் எந்த மாடியில் நின்றாலும் எதிரே ஒரு கரடு தெரியும். சின்ன மலையை எங்கள் பக்கத்தில் கரடு என்போம். அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒற்றையடிப் பாதை, வழியெல்லாம் ஆவாரம்பூ, காலையில் போனால் மயில். கூப்பிடு தூரம்தான். ஆனால் குறுக்கே நான்கு வழிச் சாலை போகிறது. முறையாகப் போவதென்றால் மேம்பாலம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதனால் காலனியில் பாதிப் பேர் நடைப்பயிற்சிக்கு ஸ்கூட்டரில் போய் வந்தார்கள். மீதிப் பேர் சாலை நடுவிலிருக்கும் தடுப்பைத் தாண்டிப் போனோம். நான் தாண்டுகிற கட்சி.

எனக்குச் சர்க்கரை உண்டு. நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடியில் எட்டு போட்டு நடந்து பார்த்தேன், தலை சுற்றியதுதான் மிச்சம். கரட்டில் ஏறி இறங்கத் தொடங்கிய பிறகுதான் சர்க்கரை கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்டது. அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை, தடுப்பிலிருந்து இறங்குகையில் என் துப்பட்டா கம்பியில் மாட்டிக்கொண்டது. இழுத்து விடுவிப்பதற்குள் ஒரு லாரி என்னை உரசுகிற மாதிரி போனது. போனது செருப்பு ஒன்றுதான். ஆனாலும் வீட்டுக்காரர் அன்றோடு கரட்டுப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றுவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, எனக்கே ஒரு வாரம் பயம் தெளியவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். நாலு பேர் நின்றாலே வரிசையில் நிற்கச் சொல்லுகிற ஆள். அவர்தான் சாலைக்கு அடியில் மழைத் தண்ணீர் போகக் கட்டிய சின்னப் பாலத்தைக் காட்டினார். நிமிர்ந்தே நடந்து போகலாம், மழைக்காலம் தவிர தண்ணீரும் கிடையாது. ஆனால் உள்ளே கால் வைக்க முடியாது. காலனிக் குப்பை முழுக்க அங்கேதான் கிடந்தது. உடைந்த கழிப்பறைக் கோப்பை முதல் பிள்ளையார் சதுர்த்திக் குடை வரை எல்லாம் எங்களுடையதுதான். அலுவலகங்களில் கேட்டுப் பார்த்தோம். அது தண்ணீருக்குக் கட்டியது, ஆளுக்கு அல்ல என்றார்கள். சரி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே இறங்கி வாரினோம். கடைசியில் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

பாம்பும் கொசுவும் வராமலிருக்க உள்ளே பூச்சி மருந்து அடித்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். மருந்து டேங்க்கை முதல் நாள் சாயங்காலமே அங்கே கொண்டுபோய் வைத்தோம். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், பாலத்தின் அந்தப் பக்க வாயில் முழுக்க முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தது.

அந்தப் பக்கம் ஒரு குடும்பத்தின் மல்பெரித் தோட்டம், அதைத் தாண்டித்தான் கரடு. வழி விட மனசில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஓடை புறம்போக்கை அடைக்க இவர்கள் யார் என்று கண்டக்டர் குரலை உயர்த்தினார். இரண்டு பேர் முள்ளை இழுத்துப் போட ஆரம்பித்தார்கள். அப்போது தோட்டத்திலிருந்து ஒரு பெண் கையில் அரிவாளோடு ஓடி வந்தார். தழை அறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே வந்திருக்கிறார். அது தெரியாமல் நாங்கள் ஓரடி பின்னால் போனோம்.

"மருந்து மட்டும் அடிச்சிராதீங்க சார். உள்ள புழு இருக்குதுங்க" என்றார்.

நாங்கள் பாலத்துக்குள் குனிந்து புழுவைத் தேடினோம். அவர் சொன்னது தோட்டத்து ஷெட்டில் வளரும் பட்டுப்புழுவை. இன்னும் இரண்டு நாளில் கூடு கட்டத் தொடங்கிவிடுமாம். காற்று இங்கிருந்து தோட்டத்துப் பக்கம் அடிக்கிறது. தழையில் மருந்து பட்டு அதைப் புழு தின்றால் மொத்தமும் போய்விடும். புழு இருக்கிற வரை அவர்கள் வீட்டில் ஊதுபத்தி கூடக் கொளுத்த மாட்டார்களாம். டேங்க்கைப் பார்த்த பயத்தில் ராத்திரியோடு ராத்திரியாக முள் வெட்டிப் போட்டிருக்கிறார்.

கண்டக்டரே டேங்க்கைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். முள்ளை நாங்களே பழையபடி வைத்துவிட்டு வந்தோம். இவ்வளவு பாடுபட்டும் வழி இல்லை என்று எனக்கு வருத்தம்தான். ஷெட்டை ஒட்டி ஊரே நடந்து போக எந்த விவசாயி சம்மதிப்பார்? மறுபடியும் மாடியில் எட்டு போட ஆரம்பித்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து கண்டக்டர் வந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தோம். முள் இல்லை, பட்டுக்கூடெல்லாம் எடுத்து முடித்திருந்தார்கள். பாலத்திலிருந்து வெளியே வந்தால், ஷெட்டுக்கு எதிர்ப்புறமாகத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு வரிசை மல்பெரியை வேரோடு எடுத்துவிட்டு, கரடு வரை மண்ணைச் சமப்படுத்தி வைத்திருந்தார்கள். நன்றாகத் தழைத்த செடிகள், பிடுங்கிய இடத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது.

நாங்கள் கேட்கவே இல்லையே, எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் சீருடையில் இரண்டு பெண் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து வந்து, எங்களைத் தாண்டிப் பாலத்துக்குள் நுழைந்து காலனிப் பக்கம் போனார்கள். அவருடைய பிள்ளைகள். அவர்களுடைய பள்ளிக்கூடம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது.

"இத்தன வருசமா புள்ளைங்க அந்த ரோட்டத் தாண்டித்தாங்க அக்கா போச்சிங்க. வூடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. நீங்க குப்பைய வாரின மறுநாள்ல இருந்து, முள்ளு போட்டிருந்த நாளு தவிர, இப்படித்தான் போவுதுங்க" என்றார்.

நான் ஒரே ஒரு லாரிக்கு ஒரு வாரம் பயந்து கிடந்தவள். இந்த அம்மா தினமும் காலையிலும் மாலையிலும் இரண்டு பிள்ளைகளுக்காகப் பயந்திருக்கிறார். அத்தனை வருடமும், சாலைக்குக் கீழே, அந்தப் பிள்ளைகளின் வழியில் எங்கள் குப்பை கிடந்திருக்கிறது.

இப்போது நான் தினமும் கரட்டுக்குப் போய் வருகிறேன். நாங்கள் அதை மலைக்குப் போகிற வழி என்கிறோம், அந்தப் பக்கத்தில் அதற்குப் பள்ளிக்கூடத்து வழி என்று பெயர். இன்றைக்கும் எங்கேயாவது யாராவது தங்களுக்கு ஒரு வழி வேண்டும் என்று கேட்டால், அதன் மறுமுனையில் யார் காத்துக்கொண்டிருக்கிறார்களோ என்றுதான் என் மனசு முதலில் போகிறது.