நாலுக்குப் பதில் 3A

பெயர் வைப்பதுதான் என் வேலை என்று சொன்னால் என் மனைவி இன்னும் சிரிக்கிறாள். உண்மை அதுதான். யாரோ எங்கோ எழுதி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருளை எடுத்து, பினாங்கின் பாயான் பாரு தொழிற்சாலைகளில் ஓடும் பழைய இயந்திரங்களுக்கு ஒத்துப்போகும்படி அங்கே இங்கே தட்டி, மறுபடி பொட்டலம் கட்டிக் கொடுப்போம். பொட்டலத்துக்கு ஓர் எண் வேண்டும். எழுதியவர்கள் வைத்த எண் முன்னால் வரும், அதில் கை வைக்கக் கூடாது. ஒரு சிறு கோடு போட்டு எங்கள் எண்ணைப் பின்னால் சேர்க்கலாம். 2.3.9-1 என்றால் அவர்களுடைய 2.3.9, அதில் நாங்கள் கட்டிய முதல் பொட்டலம். இவ்வளவுதான் சாஸ்திரம். இதைக்கூட ஒழுங்காகச் செய்யவிட மாட்டார்கள்.

அந்த மென்பொருளின் 2.4.0 வந்தபோது எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு தொழிற்சாலையில் கணினிச் சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரங்கள் திடீர் திடீரென்று உறைந்து நின்றுகொண்டிருந்தன. அதற்கான மருந்து இந்தப் புதிய பதிப்பில் இருந்தது. பொட்டலம் கட்டி முடித்துவிட்டேன். முதலாளி என் திரையை எட்டிப் பார்த்தார். அப்பா நடத்திய நாசி கண்டார் சோற்றுக்கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். கடைப் பழக்கம் போகவில்லை. வாடிக்கையாளர் முகம் சுளிக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

"என்ன தம்பி, நடுவுல நாலு நிக்குது? ஃபேக்டரிக்காரங்க சீனவங்கலா. நாலுன்னா அவங்க பாஷையில சாவு மாதிரி கேக்கும், ஆகாது அவங்களுக்கு."

"அது நாம வச்ச நம்பர் இல்ல பாஸ். நாம தொடக்கூடாது."

"லிஃப்ட்ல என்ன போடுறான்? மூணு, 3A, அஞ்சு. ஒன் வீடே 3A-லதானே இருக்கு? அதையே போட்டுரு."

என் வீடு 3A மாடியில்தான். பினாங்கில் பாதிப் பேர் அப்படித்தான் குடியிருக்கிறோம், யாரும் வழி தவறிப் போனதில்லை. எத்தனை தடவைதான் மல்லுக்கட்டுவது? 2.3A.0-1 என்று போட்டேன். அலுவலகத்தில் இருந்த காலிக் கணினியில் ஏற்றிப் பார்த்தோம். சமர்த்தாக ஏறியது.

அதைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போனவர், அலுவலகத்தில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர். எங்கள் அலுவலகத்தின் களப்பணி முழுக்க அவர் தலையில்தான். நிபோங் திபாலிலிருந்து தினமும் கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வருவார். ஆண்டுக்கு ஒரு முறை கையெழுத்தாகும் ஒப்பந்த வேலை. அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டிய மாதம். வீட்டுக்காரருக்கு நடமாட்டம் இல்லை, மகள் இன்னும் படிக்கிறாள், வீட்டில் ஒரே சம்பளம். இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும் சனிக்கிழமையாகப் பார்த்துப் போய், ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்துவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் இயந்திரங்கள் பழையபடியே உறைந்தன. தொழிற்சாலைப் பொறியாளர் பார்த்திருக்கிறார், ஒன்றில்கூடப் புதிய பதிப்பு இல்லை. முதலாளி அக்காவை எங்கள் எல்லார் முன்னாலும் கூப்பிட்டார்.

"உண்மையிலேயே போனீங்களாக்கா?"

"போனேன் பாஸ். எல்லா மெஷின்லயும் செஞ்சேன். ஒரு எரர் வரல."

எரர் வராதுதான். அன்று மத்தியானம் எனக்கு அது பிடிபட்டது. பொட்டலத்தை ஏற்றுகிற கருவி, இருக்கும் எண்ணையும் வரும் எண்ணையும் இடமிருந்து வலமாக ஒப்பிடும். மூன்றை ஒட்டிப் புள்ளி வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் அதைப் புள்ளிக்கும் கீழே தள்ளிவிடும். அதன் கணக்கில் 2.3A.0 பழையது, இயந்திரங்களில் ஏற்கெனவே இருந்த 2.3.9 புதியது. 'இருப்பதே புதியது' என்று சொல்லிவிட்டு மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. எங்கள் காலிக் கணினியில் ஒப்பிட எதுவும் இல்லாததால் பேசாமல் ஏறிவிட்டது. 3A என்றால் நாலாவது மாடி என்று நமக்குத் தெரியும். அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

முதலாளியிடம் சொன்னேன். நாலையே போட்டுவிடலாம் என்றும் சொன்னேன்.

"நாலு வேணாம். வேற வழி பாரு. ஃபேக்டரிக்காரங்ககிட்ட இந்த நம்பர் கதையெல்லாம் எடுக்காதே, அவங்களைக் குத்திக்காட்டுற மாதிரி ஆயிடும்."

"அக்கா பொய் சொல்லலைன்னாவது சொல்லணுமே பாஸ்."

"அப்பறம் பாக்கலாம்லா."

வேறு வழி ஒன்று இருக்கிறது. எண்ணுக்கு முன்னால் ஓர் ஒன்றும் முக்காற்புள்ளியும் போட்டால், அதற்குப் பின்னால் என்ன கண்றாவி இருந்தாலும் கருவி அதைப் புதியது என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு முறை போட்டால் போட்டதுதான். பிறகு எந்தப் பதிப்பிலிருந்தும் எடுக்க முடியாது. எடுத்தால் அது பழையதாகிவிடும். தெரிந்தேதான் போட்டேன். 1:2.3A.0-2.

அதைக் கொண்டுபோய் ஏற்ற என்னையே அனுப்பினார்கள். எல்லா இயந்திரங்களும் வாங்கிக்கொண்டன. பொறியாளர், பினாங்குச் சீனர், என் தோளில் தட்டினார். "நீங்க வந்ததும் ஆயிடுச்சு பாருங்க. அந்தம்மா அன்னைக்குக் கேண்டீன்லயே உக்காந்துட்டாங்க போல," என்று மலாயில் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. முதலாளியாவது மண்ணாவது என்று முழுக் கதையையும் கொட்டினேன். நாலு, லிஃப்ட், 3A, எல்லாம். அவர் முழித்தார்.

"நாலு வேணாம்னு யார் கேட்டா?" என்றார். வரிசையின் கோடியைக் காட்டினார். அங்கே நின்ற இயந்திரத்தின் நெற்றியில் பெரிதாக 4 ஒட்டியிருந்தது. "இருக்கறதுலயே அதுதான் நல்லா ஓடுது. வீடு வாங்கறப்போ பாப்போம். மெஷினுக்கு என்னலா?"

அவர் நல்ல மனிதர். நான் அலுவலகம் திரும்புவதற்குள் முதலாளிக்குப் போன் செய்து, அந்தம்மாமேல் தப்பில்லை என்றும் தான்தான் அவசரப்பட்டுவிட்டதாகவும் சொல்லியிருந்தார். முதலாளியும் உடனே ஒப்பந்தத்தை அச்சடித்து அக்கா மேசையில் வைத்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அக்கா அதில் கையெழுத்துப் போடவில்லை. சாயங்காலம் கார் நிறுத்தும் இடம் வரை கூடவே போய்க் கெஞ்சினேன்.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சேக்கா. அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"அவங்க வெளி ஆளு தம்பி. அவங்க சந்தேகப்பட்டது பெருசில்ல. பாஸ் கேட்டாரே, அதுதான்."

"வீட்டுக்கு என்னக்கா பண்ணுவீங்க?"

"தெரியல," என்றார். "பாலம் ஜேம் ஆவறதுக்குள்ள கெளம்புறேன்."

இப்போது அக்கா நிபோங் திபாலிலேயே ஒரு கடையில் இருக்கிறார் என்று கேள்வி. முதலாளி அவரைப் பற்றிப் பேசுவதில்லை. எண்களைப் பற்றியும் இப்போது வாய் திறப்பதில்லை. போன வாரம் வந்த 2.4.4-ஐ அப்படியே விட்டுவிட்டார், இரண்டு நாலு இருந்தும். பின்னால் கோடு போட்டு எங்கள் எண்ணைச் சேர்த்தேன். முன்னால் அந்த ஒன்றையும் போட்டேன். அக்கா இடத்துக்கு வந்திருப்பவர் அதைப் பார்த்துவிட்டு, இது எதற்கு, எடுத்துவிடலாமே என்றார்.

"எடுக்க முடியாது," என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்குச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.