வெர்லின் அளக்காத உயரம்

கிழக்கு மொன்டானாவில் ப்ளெவின்ஸ் என்கிற சிற்றூரிலிருந்து வடக்கே போகும் மண்சாலைக்குத் தபால் கொண்டுபோகிறவன் வெர்லின் ஹாக்ஸ்டட். ஐம்பது வயதைத் தாண்டியவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன். அக்கா லோர்னாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருந்தான். அதிகம் பேசமாட்டான், ஆனால் எதையும் அளக்காமல் விடமாட்டான். பெல்ட்டில் அளவு நாடா தொங்காமல் அவனை மாதா கோவிலில்கூட யாரும் பார்த்ததில்லை. லோர்னா தன் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் காபி கொடுப்பாள். அடுத்தபடியாகச் சமையலறை அலமாரியின் கதவை ஒரு தடவை திறந்து மூடிக் காட்டுவாள்.

"சத்தம் வந்துச்சா? வராது. என் தம்பி அளந்து செஞ்சது."

அந்தத் தம்பியின் பிழைப்புக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

பனி உருகும் மாதங்களில் அந்தச் சாலை சாலையாக இருக்காது. அங்கத்து மண்ணுக்குக் கம்போ என்று பெயர். காய்ந்தால் ஓடு, நனைந்தால் கோந்து. நடந்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், வண்டி போனால் சக்கரத்தைச் சுற்றி உருண்டையாகத் திரண்டு நிற்கும். முந்தின வசந்தத்தில் வெர்லினின் பிக்கப் மூன்று தடவை அதில் வயிறு பதிந்து உட்கார்ந்துவிட்டது. மூன்று தடவையும் பெர்னடீன் ஷாட்ஸ் என்கிற மாட்டுப்பண்ணைக்காரி டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்துவிட்டாள். இழுத்தது ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம்தான். அதைப் பற்றி ஊரில் பேசி முடிக்க அவளுக்கு ஒரு கோடைக்காலம் தேவைப்பட்டது.

தபால் வழித்தடம் குத்தகை முறையில் நடப்பது. அந்த ஆண்டோடு வெர்லினின் குத்தகை முடிகிறது. பெரிய ஊரில் வரிசையாக வெள்ளை வேன்கள் நிறுத்தி வைத்திருக்கும் ஒரு கம்பெனியும் அதைக் கேட்டிருந்தது. தபால் நிலையத்தை நடத்தும் ஆர்டிஸ் குவாமி நல்ல பெண்மணி, ஆனால் சட்டப் புத்தகத்தை மேஜையிலேயே வைத்திருப்பவள். ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "வெர்லின், இந்தச் சேத்து மாசத்துல தபால் ஒரு நாள்கூட நிக்காம போச்சுன்னா உன் பேரை நானே எழுதி அனுப்பறேன். நின்னுச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஆகவே வண்டியை உயர்த்த வேண்டும், சேற்றில் போகிற டயர் போட வேண்டும். புது வண்டி வாங்க வசதியில்லை. பழைய வண்டியையும் குறைந்த செலவில்தான் உயர்த்தியாக வேண்டும்.

ப்ளெவின்ஸில் இது மாதிரி விஷயத்துக்கு ஆலோசனை இலவசம். தானியக் கிடங்கு ஆபீசில் காலையில் காபி குடிக்க உட்காருகிறவர்கள் எல்லோரும் இதில் நிபுணர்கள். அவர்களில் தலையாய நிபுணர் டூயி. அவருடைய சொந்த வண்டி இரண்டு வருஷமாகக் கொட்டகையில் செங்கல்மேல் நின்றுகொண்டிருந்தது.

ஆறு அங்குலத்துக்குக் குறைந்தால் ஏற்றவே ஏற்றாதே என்றார் டூயி. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாமே புதிதாக வரும் முழு செட்டு வாங்கு என்றார். அதன் விலை வெர்லினின் வண்டி விலையைவிட அதிகம். இன்னொருவர் ஏற்றவே வேண்டாம், டயர் மட்டும் பெரிதாகப் போடு என்றார். அப்படிப் போட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் மட்கார்டைத் தின்னும் என்று மூன்றாமவர் சொன்னார். காபி தீரும்வரை பேசினார்கள்.

வெர்லின் வீட்டுக்கு வந்து உதிரிப்பாகப் பட்டியல் புத்தகங்களை விரித்தான். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க லோர்னா கூடப் போனாள். வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்தான். வண்டித் தடங்களுக்கு நடுவில் சேறு மேடாக நிற்கும் உயரத்தை முந்தின ஆண்டே அளந்து வைத்திருந்தான். இரண்டையும் கழித்துப் பார்த்தான். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்குகளின் மேல் வைக்க வட்டமான முட்டு, பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் வைக்க இரும்புக் கட்டை, அதற்கேற்ற நீளத்தில் யூ போல்ட், கொஞ்சம் நீளமான ஷாக் அப்சார்பர்கள். பழைய ஸ்பிரிங்குகள் அப்படியே இருக்கும். நான்கு அங்குலம் ஏறும். அதற்கு மேல் ஏற்றினால் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு கோணலாகி நடுங்கும். அதையும் அளந்தான். டயருக்குப் பழைய சாமான் கிடங்குக்குப் போனான். கவிழ்ந்த வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய சேற்று டயர்கள் நான்கு கிடைத்தன. பல்லெல்லாம் நன்றாக இருந்தது. அவை வண்டியை இன்னும் ஒரு விரல்கடை உயர்த்தும்.

பிறகு, உயர்ந்த வண்டி எங்கெல்லாம் நுழைய வேண்டுமோ அங்கெல்லாம் போனான். கொட்டகை வாசல், பெட்ரோல் பங்கின் கூரை, தபால் நிலையத்தின் பின்பக்கத் தாழ்வாரம், லோர்னாவின் முற்றத்தில் தாழ்ந்து தொங்கும் மரக்கிளை. எல்லாவற்றையும் அளந்தான். மரக்கிளையை மட்டும் வெட்ட வேண்டியிருந்தது. அந்த நாட்டில் இவ்வளவு கணக்குப் பார்த்து உயர்த்தப்பட்ட வண்டி வேறு இருக்காது என்று லோர்னா எல்லோரிடமும் சொன்னாள்.

வேலை முடிந்து வண்டி கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது டூயிகூட எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார். ஆறு அங்குலம் ஏற்றியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அன்று மாலை நெடுஞ்சாலையில் எதிரே வந்த வண்டிகளெல்லாம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டன. ஊரே பாராட்டுகிறது என்று நினைத்து வெர்லின் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னான். வண்டியின் முகம் உயர்ந்ததால் தன் விளக்கு அவர்கள் கண்ணைக் குத்துகிறது என்பது அவனுக்கு ஒரு வாரம் தெரியாது.

மறுநாள் காலை முதல் தபால் பெட்டியின் முன்னால் வண்டியை நிறுத்தினான்.

ஸ்டியரிங் இடப்பக்கம், பெட்டிகள் வலப்பக்கம். அதனால் அந்தப் பக்கத்துத் தபால்காரர்கள் வலது ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, இடது காலை நீட்டி பிரேக்கை மிதித்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவார்கள். வலது கை ஜன்னல் வழியாக நேராகப் பெட்டிக்குள் போகும். வெர்லின் இருபது வருஷமாகப் பார்க்காமலே செய்த வேலை அது. அன்றைக்கும் பார்க்காமலே கையை நீட்டினான். கை காற்றைத் துழாவியது. எட்டிப் பார்த்தான். பெட்டி கீழே, வெகு கீழே, கிணற்றுக்குள் இருப்பது மாதிரி இருந்தது.

ஒரு நாளைக்கு எண்பது தடவை கை நுழையும் அந்த ஒரு சாமானை மட்டும் அவன் அளக்கவில்லை.

ஜன்னலில் வயிற்றை வைத்துத் தலைகீழாகத் தொங்கினால் எட்டியது. பத்துப் பெட்டிக்குள் விலா எலும்பு வலி எடுத்தது. இறங்கிப் போடலாம் என்றால் கம்போ. பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வண்டிக்குள் ஏறி, பிரேக்கை வெண்ணெய் மாதிரி வழுக்கவைத்தது. மதியம் வீட்டுக்கு வந்ததும் அக்காவின் சமையலறை இழுப்பறையைத் திறந்தான். பன்றி இறைச்சித் துண்டுகளைப் புரட்டும் நீண்ட இடுக்கியை எடுத்துக்கொண்டு போனான்.

இடுக்கி நன்றாகவே வேலை செய்தது. கடிதத்தைப் பிடித்து, குனிந்து, பெட்டிக்குள் தள்ளி, மூடியைத் தட்டிச் சாத்தலாம். சேறு இன்னும் ஆழமாகியது. பள்ளிப் பேருந்து நின்றது. பால் வண்டி நின்றது. வெர்லினின் பிக்கப் மட்டும் உறுமிக்கொண்டு போய் வந்தது. தம்பி கணக்குப் போட்டது ஒரு நூல் பிசகவில்லை என்று லோர்னா பெருமைப்பட்டாள். இடுக்கியைப் பற்றிக் கேட்டவர்களிடம் பேச்சை மாற்றினாள்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஆர்டிஸ் அவனைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டாள். அங்கே ஒரு கடிதம் இருந்தது. தன் தபாலெல்லாம் இறைச்சிக் கொழுப்பு நாறுகிறது, வீட்டு நாய் மின்சார பில்லைத் தின்றுவிட்டது என்று பெர்னடீன் ஷாட்ஸ் புகார் எழுதியிருந்தாள். அந்த உறையின் மூலையிலும் எண்ணெய்க் கறையும் இரண்டு வரிசைப் பல் தடமும் இருந்தன. புகாரை அவள் தன் பெட்டியிலேயே போட்டு, எடுத்துப்போகச் சொல்லும் சிவப்புக் கொடியைத் தூக்கி வைத்திருக்கிறாள். வெர்லினே அதை இடுக்கியால் எடுத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான்.

"புத்தகத்துல தேடிப் பாத்துட்டேன்," என்றாள் ஆர்டிஸ். "இடுக்கி கூடாதுன்னு எங்கேயும் இல்ல. ஆனா புகார்னு வந்தா நான் கண்ணால பாத்து எழுதணும். வியாழக்கிழமை உன்கூட வரேன். பாத்த பிறகுதான் உன் பேரை அனுப்பறதா வேண்டாமான்னு சொல்வேன்."

லோர்னாவுக்கு வேறு கோபம். இடுக்கியை அவள் தினமும் வெந்நீரில் கழுவுகிறாள். ஆனால் கோபத்தால் ஆவதென்ன? முட்டுகளைக் கழற்றி வண்டியை இறக்கினால் சேற்றில் உட்காரும், குத்தகை போகும். இறக்காவிட்டால் கை எட்டாது, அப்போதும் போகும். இடுக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒவ்வொரு பெட்டிக்கும் இறங்கிப் போடுவது என்று வெர்லின் முடிவு செய்தான்.

வியாழக்கிழமை ஆர்டிஸ் அவனுக்கு இடப்பக்கம், ஸ்டியரிங்குக்கு நேராக ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள். அவள் முழங்காலைத் தாண்டித்தான் அவன் காலை நீட்ட வேண்டியிருந்தது. விடிந்ததிலிருந்து மழை. முதல் பெட்டிக்கு இறங்கினான், ஏறினான். இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் பூட்ஸின் அடியில் கம்போ ஒரு சுற்று ஏறியது. வண்டியைப் போலவே அவனும் உயர்ந்துகொண்டே போனான். ஒன்பதாவது பெட்டியைத் தாண்டி இறக்கத்தில் பிரேக்கை மிதித்தான். சேற்றுக் கால் வழுக்கிக்கொண்டு போய் ஆர்டிஸின் காலணியை மிதித்தது. வண்டி சாலையோரப் பள்ளத்தின் விளிம்பில், ஒரு சக்கரம் தொங்கலாடி நின்றது. அந்தப் பெரிய பல் டயர்கள் மெதுவாக மண்ணைக் கவ்வி வண்டியை மேலே கொண்டுவந்தன.

ஆர்டிஸ் தன் காலணியில் ஒட்டிய சேற்றை வழித்துப் போட்டாள். பிறகு கேட்டாள். "இடுக்கி இருந்தா இந்த மாதிரி ஆகாதா?"

"ஆகாதுங்க."

"அப்ப ஏன் கொண்டுவரல?"

"நீங்க வரீங்கன்னுதான்."

அவள் தன் குறிப்பேட்டைத் திறந்தாள், ஒன்றும் எழுதாமல் மூடினாள். குத்தகை போய்விட்டது என்று வெர்லினுக்குத் தோன்றியது. அடுத்தது பெர்னடீன் வீட்டுப் பெட்டி. இருவர் திட்டையும் ஒரேயடியாகக் கேட்டு முடித்துவிடலாம் என்று வண்டியை நிறுத்தினான். இறங்கப் போகும்போது கண்ணுக்கு நேராக, கை நீட்டினால் படும் தூரத்தில் பெட்டி இருந்தது.

பழைய மரக்கம்பத்தைக் காணோம். அந்த இடத்தில் துளைக் கிணற்றுக் குழாய் ஒன்று நட்டு, அதன் தலையில் பெட்டி பற்றவைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் மழைக்கோட்டோடு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பெர்னடீன் நின்றாள்.

"என்னடா பாக்கறே? போடு," என்றாள். "கையால போடு."

வெர்லின் கையால் போட்டான்.

ஆர்டிஸ் இறங்கி வந்தாள். "பெர்னடீன், புகார் எழுதினது நீங்கதானே?"

"நான்தான். இப்பவும் சொல்றேன், அந்த இடுக்கி நாறுது. ஆனா இவன் வண்டிய இறக்கச் சொல்லிடாதே. இறக்கினா என் வாசல்லதான் வந்து மாட்டுவான். இவனை இழுக்கற டீசலுக்கு இந்தக் குழாய் எவ்வளவோ மலிவு. அந்த வெள்ளை வேன்காரனும் வேண்டாம். அவன் வண்டி எடை கூட. இழுக்க முடியாது."

"சட்டப்படி சாலையிலேர்ந்து நாப்பத்தஞ்சு அங்குலத்துக்கு மேல பெட்டி இருக்கக் கூடாது," என்றாள் ஆர்டிஸ்.

"அளந்து பாரேன்."

ஆர்டிஸ் கையை நீட்டினாள். வெர்லின் பெல்ட்டிலிருந்து நாடாவைக் கழற்றிக் கொடுத்தான், பார்க்காமல் திரும்பிக்கொண்டான். எவ்வளவு வரும் என்று அவனுக்குத் தெரியும். அவன் கண்ணே அளவு நாடாதான். சக்கரத் தடத்திலிருந்து அளந்தால் ஒரு சாணுக்கும் மேல் கூடுதல்.

ஆர்டிஸ் நாடாவின் நுனியைத் தடத்தில் வைத்தாள். ஐம்பத்தைந்து வந்தது. எடுத்து, தடத்துக்குப் பக்கத்தில் பிதுங்கி நின்ற சேற்று மேட்டின் உச்சியில் வைத்தாள். கொஞ்சம் யோசித்து, மேட்டின் இன்னும் உயரமான இடமாகப் பார்த்து நகர்த்தினாள்.

"நாப்பத்தஞ்சு," என்றாள். "சாலை இதுதானே, வெர்லின்?"

"இன்னைக்கு அதுதாங்க," என்றான் வெர்லின். வாழ்க்கையில் அவன் ஒத்துக்கொண்ட ஒரே தப்பான அளவு அது.

குத்தகை அவன் பெயருக்கே வந்தது. பெர்னடீன் வீட்டுக்கு மட்டும் தபால் நாறாமல் கறைபடாமல் வருகிறது என்று தெரிந்ததும் சாலையில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கம்பத்தை மாற்றினார்கள். சிலர் ரயில் கட்டையை நட்டார்கள், ஒருவர் கலப்பையை நிமிர்த்தி வைத்தார். மாற்றுவதற்கு முன் எல்லோரும் லோர்னாவுக்கு போன் செய்து அளவு கேட்டார்கள். அவள் சமையலறைச் சுவரில் அதை எழுதி ஒட்டி வைத்திருந்தாள்.

கோடையில் சேறு காய்ந்தது, கவுண்டி நிர்வாகத்தின் இயந்திரம் வந்து சாலையை மட்டமாகச் சீவிவிட்டுப் போனது. சட்டத்துக்குப் பொருந்தின மேடெல்லாம் அதோடு போயிற்று. எண்பது பெட்டிகளும் ஆகாயத்தில் நின்றன. குழந்தைகள் வீட்டுத் தபாலை எடுக்க வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினார்கள். வெர்லினுக்குக் காய்ச்சல் வந்த நாளில் அவனுக்குப் பதிலாகத் தன் தாழ்வான காரில் போன லோர்னா, எண்பது தடவை இறங்கி ஏறித் தபால் போட்டுவிட்டு வந்தாள். தம்பியின் அளவைப் பற்றி அன்று ஒரு நாள் மட்டும் யாரிடமும் அவள் பேசவில்லை.

சில வருஷம் கழித்து அந்த வண்டி ஓய்ந்துபோனது. வெர்லின் இன்னொரு பழைய பிக்கப் வாங்கினான். உயர்த்த வேண்டும் என்று உதிரிப்பாகக் கடைக்குப் போனான். புதிதாக வேலைக்கு வந்திருந்தவர் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று கேட்டார். வெர்லின் சட்டைப் பையிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். பெர்னடீனின் பெட்டியில் அளந்து போட்ட முடிச்சு.

"உங்க பக்கம் சேறு ரொம்ப அதிகமோ?" என்று கடைக்காரர் விசாரித்தார்.

"சேறா?" என்றான் வெர்லின். "அதெல்லாம் போன வருஷமே தார் போட்டுட்டாங்க. பெட்டிதான் உயரம்."