அப்பாவின் அறைக்கு மட்டும் வராத குரல்

ஒரு வீட்டில் யாருடைய காதுக்கு எந்தச் செய்தி போய்ச் சேரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை, கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எப்போது கிடைத்தது? சென்ற மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாமல் போனது. அதுவரை எங்கள் வீட்டில் இருந்தது வெறும் வைஃபை பிரச்சினை என்றே நான் சொல்லிவந்தேன்.

கண்டி நகரத்துக்கு மேலே, சரிவை வெட்டிக் கட்டிய வீடு எங்களுடையது. வீதி மட்டத்தில் முன் அறை, அதை ஒட்டிச் சமையலறை. பதினோரு படிகள் கீழே இறங்கினால் அப்பாவின் அறை. மாரடைப்பு வந்து வைத்தியசாலையில் இருந்து திரும்பியவரை அங்கே படுக்க வைத்தோம். கழிவறை அந்தத் தட்டில்தான் இருந்தது. வெளியே போக வேண்டுமென்றால் அந்தப் பதினோரு படிகளையும் அவர் ஏறியாக வேண்டும். ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லவில்லை. மெதுவாக ஏறலாம், மனதை அதிகம் அலட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் சொன்னார். அந்த இரண்டாவது அறிவுரையை நான் தேவைக்கு அதிகமாகவே பிடித்துக்கொண்டேன்.

அப்பா முப்பது வருடங்களுக்கு மேல் மாநகர சபையின் தண்ணீர்ப் பிரிவில் வால்வு திறப்பவராக வேலை செய்தவர். வறட்சிக் காலத்தில் நீண்ட இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எந்த வீதிக்கு எப்போது தண்ணீர் விட வேண்டுமோ அப்போது திறந்து, நேரம் முடிந்ததும் மூடிவிட்டு வருவார். அதே வேலையில் அவருக்கு இணையாக நடந்த நண்பர் ஒருவர் கலஹாப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவர். ஓய்வு பெற்ற பின்னரும் இருவரும் மாதம் ஒருமுறையாவது சந்தித்துக்கொள்வார்கள். யார் முந்தினாலும் மற்றவர் வந்து ஒரு பிடி மண் போட வேண்டும் என்று வெகுகாலமாக ஒரு பேச்சு இருந்தது. சிரித்துக்கொண்டேதான் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் விளையாட்டுக்குச் சொன்னதில்லை.

காலையில் வானொலியில் மரண அறிவித்தல் கேட்பது அப்பாவுக்கு முகம் கழுவுவதைப் போன்ற பழக்கம். எங்கள் ஆட்களிடம் ஒரு நடைமுறை உண்டு. வானொலியில் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நேரில் சொன்னதற்குச் சமம். நண்பர்களுக்குத் தனித்தனியே தொலைபேசி எடுக்க மாட்டார்கள். அறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்வார்கள். அப்பாவின் கணக்கில் ஏற்றுக்கொள்வது என்றால் சட்டையை மாற்றிக்கொண்டு புறப்படுவது. கம்பளையாக இருந்தாலும் திகனவாக இருந்தாலும் போய், ஓரமாக ஒரு கதிரையில் உட்கார்ந்து, உடலைத் தூக்கும்வரை இருந்துவிட்டு வருவார்.

பின்னால் இருந்த மலை, கீழ் அறைக்குள் வானொலி அலையை விடவில்லை. முன் அறை ஜன்னல் கம்பியோடு சேர்த்து வைத்தால் மட்டும் பேசிய அவருடைய பழைய ரேடியோ, கீழே கொண்டுபோனதும் எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல் இரைந்தது. அதனால் நான் பொறுப்பெடுத்தேன். வானொலியின் இணைய ஒலிபரப்பைக் கணினியில் திறந்து, அதை வைஃபை வழியாக மூன்று சிறிய ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் மென்பொருளை நிறுவினேன். திரையில் மூன்று கோடுகள்: முன் அறை, சமையலறை, அப்பா. ஒவ்வொரு கோட்டிலும் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பொத்தான்.

சொல்லும்போது எளிதாகத் தெரிகிறது. முதல் மாதம் முழுவதும் நான் அந்த மூன்று பெட்டிகளுக்கு வேலைக்காரியாக இருந்தேன். மின்சாரம் ஒரு நிமிடம் போய்வந்தால் ஒரு ஸ்பீக்கர் தன் வீட்டையே மறந்துவிடும். மறுபடி அறிமுகப்படுத்தி, கடவுச்சொல் கொடுத்து, அது நீல விளக்கை மினுக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட மறுநாள் மூன்றுமே காணாமல் போயின. சமையலறையில் மைக்ரோவேவ் ஓடினால் படிக்கட்டுக்குக் கீழே ஒலி திக்கியது. எல்லாம் ஒழுங்காக வேலை செய்த நாட்களில்கூடச் சமையலறையில் அறிவிப்பாளர் சொல்லி முடித்த பெயரைச் சில விநாடிகள் கழித்து அப்பாவின் அறையில் சொல்லத் தொடங்குவார். இடைவெளியைச் சரிசெய்ய நான் மாற்றிய ஒவ்வோர் அமைப்பும் அதை இன்னும் கூட்டியது. அப்பா அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: "மேல் வீட்டுல செத்தவன் கீழ் வீட்டுக்கு வந்து சேர நாலு செக்கன் ஆகுது. எறங்கி வரணும்ல, பதினோரு படி."

அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலையகத் தோட்டங்களில் மக்களுக்குத் தகவல் பெறும் உரிமையை விளக்கும் கைந்நூல்களைத் தமிழில் எழுதுவதுதான் அப்போது நான் வீட்டிலிருந்து செய்துவந்த வேலை. சொந்த வீட்டின் கீழ்த்தட்டுக்கு ஒரு குரலை ஒழுங்காகக் கொண்டுபோக முடியாதது என்னை அரித்தது.

பிறகு ஒரு காலை, தண்ணீர்ப் பிரிவில் கூட வேலை செய்த ஒருவரின் பெயர் அறிவித்தலில் வந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அப்பா வெள்ளைச் சட்டையோடு படிகளில் பாதி ஏறி, சுவரைப் பிடித்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அன்று மறுபடியும் வைத்தியசாலை. இரண்டு நாட்கள் வைத்திருந்து அனுப்பினார்கள். அவர் வீடு திரும்பிய மறுநாள், செய்தி முடிந்து அறிவித்தல் தொடங்கியபோது, திரையில் அப்பா என்ற கோட்டின் பொத்தானை இறக்கிப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனேன். அறிவித்தல் முடிந்ததும் ஏற்றினேன். கீழே இருந்து என்னாச்சு என்று கேட்டார். வைஃபை போயிருச்சு என்றேன்.

அதுவே வழக்கமாகிவிட்டது. எத்தனையோ நாட்கள் என்னைப் பாடாய்ப் படுத்திய ஸ்பீக்கருக்கு இப்படி ஒரு பயன் இருந்தது: எதையும் அதன் தலையில் போடலாம். நான் செய்வதன் விளைவுகளை எடைபோடாமல் இல்லை. ஒரு பக்கம் அவருடைய இதயம், மறு பக்கம் அவருக்குத் தெரியாமல் போகும் சில பெயர்கள். இதயம் கனமாக இருந்தது. தராசு என் கையிலேயே இருந்ததை மட்டும் நான் எடைபோடவில்லை. அம்மாவுக்குத் தெரியும், சமையலறையில் அவருக்கு எல்லாம் கேட்டது. நீ படிச்சவ, செய்றதச் செய், என்னைய இதுல சேர்க்காத என்று ஒரே தடவை சொன்னார். அதன்பின் அவர் கேட்ட பெயர்களைப் பற்றி எங்களுக்குள் பேச்சே வரவில்லை.

இரண்டு மாதங்கள் கழித்து ஒருநாள் தேநீர் கொண்டுபோனபோது அப்பா கூரையைப் பார்த்தபடி கேட்டார்: "என்னம்மா, கண்டி டிஸ்றிக்ல இப்ப ஒருத்தருமே சாகுறதில்லையா?"

தேநீரை வைத்துவிட்டு மேலே வந்தேன். அடுத்த திங்கட்கிழமையில் இருந்து பொத்தானைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவர் அறிவித்தல் கேட்டார். தெரிந்த பெயர் எதுவும் இல்லை. நான் அஞ்சியது எதுவும் நடக்கவில்லை. பொத்தானை விட்டுவிட்டதை அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலையில் மின்சாரம் போய் வந்தது. கணினியை இயக்கிப் பார்த்தேன். மூன்று ஸ்பீக்கர்களும் இணைந்திருப்பதாகத் திரை காட்டியது. அப்பாவின் கோட்டில் பச்சைப் பட்டை ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அன்று காலையில் இருந்து மத்தியானம் வரை அலுவலகக் கூட்டம். முன் அறை ஸ்பீக்கரை மட்டும் நிறுத்திவிட்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தொலைபேசி வழியாகக் கூட்டத்தில் சேர்ந்தேன். கீழே இறங்கிப் பார்க்கவில்லை. திரையை நம்பினேன்.

கூட்டத்துக்கு நடுவே அம்மா வந்து வாசலில் நின்றதும், நான் கையைக் காட்டி அப்புறம் என்றதும், அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதும் நினைவிருக்கிறது. கூட்டம் முடிந்து சாப்பிட்டபோதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகம் சரியில்லை என்று கவனித்தேன். முழங்கால் வலியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மாலையில் அப்பாவின் தொலைபேசி அடித்தது. கலஹாக்காரரின் மகன். தேநீர்க் கோப்பையை எடுக்கப் போன நான் அறைக்குள் நின்றேன். மகனின் குரல் வெளியே தெளிவாகக் கேட்டது: "நாலு மணி வரைக்கும் ஒங்களுக்காகத்தான் மாமா தூக்காம வச்சிருந்தோம். ரேடியோவுல காலையிலேயே சொல்லிட்டமே. ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பயந்துதான் எடுத்தேன்."

அப்பா உடம்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார். நண்பர் எப்படிப் போனார், யார் யார் வந்திருந்தார்கள், மழை விட்டிருந்ததா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ரேடியோ கேட்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. எங்களில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தொலைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் முந்திக்கொண்டேன். "அப்பா, சத்தியமா இன்னைக்கி நான் ஒண்ணுமே செய்யல. ஸ்பீக்கர்தான் வேலை செய்யல."

"இன்னைக்கி செய்யல," என்றார் அப்பா.

அந்த அறையில் அதற்குப் பிறகு எதையும் மறைப்பதற்கு இடம் இருக்கவில்லை. அவர் குரலை உயர்த்தாமல் பேசினார்: "மேல அடுப்படியில ரேடியோக்காரன் அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பான். எனக்கு மட்டும் சரியா அந்த நேரம் பார்த்து வாயை மூடிக்குவான். முப்பது வருசம் தண்ணி தொறந்து விட்டவன்மா நான். ஒரு வீட்டுக்குத் தண்ணி வரலன்னா, பைப்பு ஒடைஞ்சிருக்கா, எவனாச்சும் வால்வை மூடிட்டானான்னு எனக்குத் தெரியாதா?"

ஏன் அன்றே கேட்கவில்லை என்றேன்.

"பயந்துபோய்ச் செய்யிற, செஞ்சிட்டுப் போன்னு விட்டேன். ஆனா இவனோட பேரு வர்ற அன்னைக்கி நீ தொறந்து விட்டுருவன்னு நெனச்சேன்."

திறந்துதான் இருந்தது அப்பா என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். திரையில் பச்சைப் பட்டை ஆடியதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. வைஃபை போயிருச்சு என்று இரண்டு மாதங்கள் சொன்ன அதே வாயால், அதே குரலில், இப்போது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. மேலே வந்து, காலையிலேயே பெயரைக் கேட்டும் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். அவர் அரிசி களைவதை நிறுத்தவில்லை. "நீதான் வேணாம்னு நிப்பாட்டி வச்சிருக்கேன்னு நெனச்சேன். கலஹாக்காரரு பேரையுமாடி நிப்பாட்டுவன்னு கேட்கத்தான் வந்தேன். கையைக் காட்டுன." அவருக்கும் கண் கலங்கியிருந்தது. என்னை இதில் சேர்க்காதே என்று சொன்னதற்காகத் தன்னையே அவர் நொந்துகொண்டது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

மறுநாள் காலை முழுவதும் அந்தப் பழுதை மறுபடி உண்டாக்க முயன்றேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். பிரதான மின் ஆளியையே இறக்கி ஏற்றினேன். ஒரு தடவையாவது திரை இணைந்திருப்பதாகக் காட்டி, ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால், அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். ஏழு முறை செய்தேன். ஏழு முறையும் அது ஒரு விநாடி பிசகாமல் பாடியது. வாங்கிய நாளில் இருந்து அது அவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததே இல்லை. கடைசியில் அதைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்திய சத்தம் கீழே வரைக்கும் கேட்டிருக்கும்.

கலஹாவுக்குப் போவோமா, ஆட்டோ பிடிக்கிறேன் என்று கேட்டேன். மூடின குழிக்கு எதற்கு மண் என்றார். முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் போனோம். பதினோரு படிகளை மூன்று இடங்களில் நின்று ஏறினார், மூச்சு வாங்கவில்லை. அங்கே மகன் அவரை முன்வரிசைக் கதிரையில் உட்கார வைத்தான். அப்பா சிறிது நேரத்தில் எழுந்து, பின்னால் ஓரத்துக் கதிரையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் செய்தது தவறு என்று அப்பாவிடம் சொன்னேன். அந்த வியாழக்கிழமையைப் பற்றி மட்டும் அவர் என்னை நம்புகிறாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. நம்புகிறேன் என்று அவர் சொன்னாலும், என் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறாரோ என்றுதான் நினைப்பேன்.

இப்போது கீழ் அறையில் பழைய ரேடியோ இருக்கிறது. அதன் ஏரியலில் ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி, ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, தண்ணீர்த் தாங்கி நிற்கும் தட்டின் உச்சி வரைக்கும் நான்தான் ஏறிக் கட்டினேன். அரை மணி நேர வேலை. இரைச்சல் கொஞ்சம் உண்டு, ஆனால் பெயர்கள் விளங்குகின்றன. மரண அறிவித்தல் நேரத்தில் நான் எந்தக் கூட்டத்திலும் சேர்வதில்லை. கீழே போய் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து கேட்கிறேன். தெரிந்த பெயர் வந்தால், போவதா வேண்டாமா என்பதை அவர் சொல்கிறார். போவதென்றால் நானும் கூடப் போகிறேன்.